எங்களிடம் அப்படி வரவில்லை

“பக்கம் குதிக்கிறது” என்ற புகார் முதலில் ஆகஸ்டில் வந்தது. லோரெட்டா ஹக்காலா தன் கணினியில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து முறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். எதுவும் குதிக்கவில்லை. “எங்களிடம் அப்படி வரவில்லை” என்று எழுதிப் புகாரை மூடினாள். செப்டம்பரில் வேறு ஒருவரிடமிருந்து அதே புகார். இந்தத் தடவை இரண்டு முறை உருட்டிப் பார்த்து, அதே வாக்கியத்தை எழுதி மூடினாள். அக்டோபர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை, மூன்றாவதாகவும் ஒன்று வந்தபோது அவளுடைய விரல்கள் அந்த வாக்கியத்தைப் பாதி அடித்து முடித்திருந்தன.

“இரு, இரு, மூடிடாதே,” என்றாள் அடுத்த மேசையிலிருந்த மாய் லோர். மக்களிடமிருந்து வரும் புகார்களை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும், புதிதாகச் செய்த பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பதும் மாயின் வேலை. “இதை அனுப்பின அந்தம்மா நாலு தடவ போன் பண்ணிட்டாங்க. நாலாவது தடவ என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உங்க கம்ப்யூட்டர்ல குதிக்கலன்னா, உதவிப் பணத்தையும் உங்க கம்ப்யூட்டருக்கே கொடுத்துடுங்க’ன்னு.”

“நீ பாத்தியா? குதிச்சுதா?”

“எனக்கும் வரல. ஆனா அந்தம்மா பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியல. திட்டற ஆள் மாதிரிதான் தெரியுது.”

லோரெட்டா வலிக்காக மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கினாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தேழு வருடமாக இணையப் பக்கங்கள் செய்துவருகிறாள். ஏரிக்கரையிலிருக்கும் டுலூத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு உதிரிபாகம் விற்கும் கடையில் கல்லாவில் இருந்தவள். முதலாளி ஒருநாள், “எல்லாரும் வெப்சைட் வெச்சிருக்காங்களாமே, நமக்கும் ஒண்ணு பண்ணு,” என்றார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை. மற்றவர்களுடைய பக்கங்களைத் திறந்து, அவற்றின் பின்னாலிருக்கும் நிரலை வரிவரியாக நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது, மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த நோட்டுகள் இன்னும் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. அவற்றிலிருக்கும் எதுவும் இப்போது செல்லாது.

இந்தத் தொழிலில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். முன்பெல்லாம் சமைத்த சாப்பாட்டை அனுப்பிவைத்தோம் என்பாள் லோரெட்டா. இப்போது உருளைக்கிழங்கையும் கறியையும் பச்சையாக அனுப்பி, கூடவே ஒரு சமையல்காரனையும் அனுப்புகிறோம். பக்கம் என்பது வாங்குகிறவருடைய கைபேசிக்குள் போய்த்தான் சமைந்து, பரிமாறப்படுகிறது. அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. இதை அவள் முன்பு கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். கணவர் ஆர்னி சரக்குக் கப்பலில் சமையல்காரர். மார்ச் மாதம் ஏரியில் இறங்கினால் ஜனவரியில்தான் கரையேறுவார். மாலையில் வீட்டுக்குப் போனால் பேச்சுக்கு ஆளில்லை. அதுவும் ஒரு ஓய்வாகத்தான் இருந்தது.

அவள் வேலை செய்யும் ஸ்பிளிட்பைன் நிறுவனத்தின் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஒரு சோதனை இயந்திரம் தினமும் காலையில் பக்கங்களைத் திறந்து பார்த்து, எவ்வளவு வேகமாக வருகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். தொண்ணூறைத் தாண்டினால் பச்சை, தாண்டாவிட்டால் ஆரஞ்சு. மேலாளர் கைல் பிரோஹாஸ்கா பழைய படகிலிருந்து ஒரு பித்தளை மணியை வாங்கி வந்து திரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். யாருடைய வேலையால் பச்சை வருகிறதோ அவர்தான் அந்த மணியை அடிக்க வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். கடைசியாக அதை அடித்தவள் லோரெட்டா. ஏப்ரலில், மாநில அரசின் குளிர்கால எரிபொருள் உதவி விண்ணப்பப் பக்கத்தை எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நான்குக்குக் கொண்டுவந்தாள். இப்போது குதிக்கிறது என்று புகார் வந்திருப்பதும் அதே பக்கத்தைப் பற்றித்தான்.

“நம்பர் இருக்கா?” என்றாள் மாயிடம்.

“எதுக்கு? நாம யாருக்கும் போன் பண்றதில்லையே.”

“தெரியும். கொடு.”

போனை எடுத்தவர் பெயர் ஜெரால்டின் டூஃபோ. வயது எழுபத்தொன்று. வடக்கே பைன் நாரோஸ் என்ற ஊருக்கு வெளியே, வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய ஒரு இழுவை வீட்டில் தனியாக இருக்கிறார்.

“நீங்க யாரு, ஹெல்ப்லைனா?”

“இல்லம்மா. அந்தப் பக்கத்தைச் செஞ்ச ஆள்.”

“செஞ்ச ஆளா? ஒரு ஆள் செஞ்சதா அது? நான் ஏதோ தானா முளைச்சதுன்னு நெனச்சேன்.”

“என்ன ஆச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

“என்னத்த சொல்ல? எல்லாத்தையும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் நான் டீ போட்டுக் குடிச்சிட்டு வர்ற நேரத்துக்கு வந்து உக்காருது. கடைசில ‘சமர்ப்பி’ன்னு இருந்துது. அதைத்தான் தொட்டேன். சத்தியமா அதைத்தான் தொட்டேன். பக்கம் ஒரு குதி குதிச்சுது. அப்புறம் ‘உங்கள் விருப்பப்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது, நன்றி’ன்னு வந்துது. நான் எங்க விருப்பப்பட்டேன்? சமூக சேவை ஆபீஸ்ல கேட்டா, நீங்களா வாபஸ் வாங்கிட்டீங்க, இனி அடுத்த வருஷந்தாங்கறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் உதவி கிடைக்கறவங்க லிஸ்ட் மேல போயிடுமாம். வீட்டைச் சூடாக்கற கேஸ் டாங்க்ல முள் நூத்துக்குப் பதினஞ்சுல நிக்குது. ஏம்மா, நீ செஞ்சதுன்னா நீயே சொல்லு, இது என் விரலோட தப்பா?”

இதற்கு முன் இரண்டு முறை லோரெட்டா எழுதிய பதில் அதுதான்: உங்கள் விரலின் தப்பு. வார்த்தைதான் வேறு.

மறுநாள் காலை உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தாள். பொய்யில்லை, எந்த நாளில் உடம்பு சரியாக இருந்தது? இரண்டு மணி நேரப் பயணம். பாதி வழியில் இலையெல்லாம் உதிர்ந்து, மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. பைன் நாரோஸுக்கு ஆறு மைல் முன்பே அவளுடைய போனில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிட்டது.

ஜெரால்டின் வீட்டுக்குள்ளேயே கோட் போட்டுக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் ஒரு தட்டில் பூசணி பார் என்ற இனிப்பைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். “சாப்பிடு. திட்டறதுக்கு முன்னாடி ஏதாவது கொடுக்கணும்ல.”

“திட்டிட்டே கொடுத்தாலும் சாப்பிடுவேன்,” என்றாள் லோரெட்டா.

“உன் மூஞ்சியைப் பாத்தா திட்டற மாதிரி இல்ல. ஏற்கெனவே யாரோ நல்லா திட்டி அனுப்பிச்ச மாதிரி இருக்கு.”

கைபேசி சின்னது, கடையில் தொங்கவிட்டு விற்கும் வகை. ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஜன்னலுக்கு இடதுபுறம் நின்றால்தான் சிக்னல் வரும் என்று ஜெரால்டின் அங்கே ஒரு நாற்காலியே போட்டிருந்தார். அவருடைய விண்ணப்பம் மூடப்பட்டுவிட்டதால், லோரெட்டா அலுவலகத்தில் சோதனைக்கென்று வைத்திருக்கும் பொய்ப்பெயர்க் கணக்கை அந்த போனில் திறந்தாள். திறக்கவே பத்தொன்பது விநாடி ஆயிற்று. அவளுடைய கணினியில் அது ஒரு விநாடிகூட இல்லை.

பெயரை அடித்தாள். எதுவும் வரவில்லை. இன்னொரு முறை அடிக்கப் போனவளை ஜெரால்டின் தடுத்தார். “அடிக்காதே. ரெண்டு தடவ அடிச்சா ரெண்டும் வரும். காத்திரு.” வந்தது. ஒவ்வொரு எழுத்தாக, படியேறி வருகிற கிழவரைப் போல. லோரெட்டாவுக்குக் காரணம் தெரியும். ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த ஒரு கட்டம் மட்டும் மாற வேண்டும். ஆனால் அவர்கள் செய்திருந்த விதத்தில், ஒரு எழுத்துக்கு விண்ணப்பத்தின் நாற்பத்தொரு கட்டங்களும் மறுபடி வரையப்பட்டன. அலுவலகக் கணினி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். இங்கே அதற்கு மூச்சு வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் இதைச் சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டிருந்தாள். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். இரண்டு பொத்தான்கள். கணினியில் அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: இடப்பக்கம் ‘திரும்பப் பெறு’, வலப்பக்கம் ‘சமர்ப்பி’. கைபேசியின் அகலத்துக்கு இரண்டும் கொள்ளாது என்பதால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் இருந்தது மேலே; வலப்பக்கம் இருந்தது கீழே.

“இப்ப தொடு,” என்றார் ஜெரால்டின்.

லோரெட்டா கீழேயிருந்த ‘சமர்ப்பி’யின் நடுவில் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கம் இன்னும் தன்னை வரைந்து முடிக்கவில்லை. அந்த வேலையில் மூழ்கியிருக்கும்போது யார் தொட்டாலும் அதற்குக் கேட்காது. தொட்டது வாசலில் நிற்கும். ஒரு விநாடி. இரண்டு விநாடி. அப்போது உச்சியிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை இறங்கியது: ‘உங்கள் வீட்டில் இன்றே எரிபொருள் தீர்ந்துவிட்டதா? உடனே அழையுங்கள்.’ அது வந்த வேகத்தில் பக்கம் முழுவதும் ஒரு பொத்தான் அளவுக்குக் கீழே தள்ளப்பட்டது. ‘சமர்ப்பி’ இருந்த இடத்துக்குத் ‘திரும்பப் பெறு’ வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற தொடுகை உள்ளே அழைக்கப்பட்டது. எந்த இடத்தில் தொட்டார்கள் என்று பக்கம் பார்த்தது. இப்போது அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தது.

உங்கள் விருப்பப்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. நன்றி.

“பாத்தியா?” என்றார் ஜெரால்டின். “நன்றி வேற சொல்லுது, கழுதை.”

லோரெட்டா அந்த மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அதை அவள் பார்த்ததே இல்லை. அரசு அலுவலகம் கேட்டதால் அதைச் செய்து வைத்தவளும் அவள்தான். அதன் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். ஒருமுறை அழுத்தி மூடிவிட்டால் அந்தக் கணினியில் மறுபடி வராது. செய்த அன்றே, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவள் மூடினாள். மாயும் மூடினாள். கைலும் மூடினான். சுவரில் மதிப்பெண் போடும் இயந்திரம் உள்ளே நுழைய அவளுடைய கணினியிலிருந்த கணக்கையே நகலெடுத்துக் கொடுத்திருந்தார்கள், மூடிய ஞாபகத்தையும் சேர்த்து. அந்தப் பக்கத்தைக் கண்காணிக்கிற ஒருவர் கண்ணிலும் அந்தப் பட்டை படவில்லை. ஊரார் எல்லாருக்கும் அது தினமும் வந்துகொண்டிருந்தது, தாமதமாக.

அதுகூடப் பரவாயில்லை. ‘திரும்பப் பெறு’வைத் தொட்டால் முன்பெல்லாம் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும். அந்தப் பெட்டி வருவதற்கு மட்டும் பெரிய பொதி ஒன்றைக் கூடவே அனுப்ப வேண்டியிருந்தது. ஏப்ரலில் பக்கத்தின் எடையைக் குறைக்க எதை எறியலாம் என்று தேடியபோது அதுதான் அகப்பட்டது. எறிந்தாள். எண்பத்தொன்று தொண்ணூற்று நான்கானது. மணி அடித்தாள்.

வெட்கப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. அவள் அந்தக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“உங்க விரல் சரியாத்தான் தொட்டுது,” என்றாள். “பக்கந்தான் நகர்ந்துடுச்சு.”

“அதைத்தானே நானும் நாலு தடவ சொன்னேன். இன்னொரு பார் எடுத்துக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன பண்ணப் போற?”

புதன்கிழமை காலை அலுவலகத்தில், மாயின் கணினியில் பெருக்கல் குறியின் ஞாபகத்தை அழித்துவிட்டு, வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினாள். மாய் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“நான் இதை எத்தனை தடவ டெஸ்ட் பண்ணியிருப்பேன், லோரெட்டா! சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டது நான்.”

“எறிஞ்சது நான். வரிசையில என் பின்னாடி நில்லு.”

இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். இந்தப் பருவத்து விண்ணப்பங்கள் தொடங்கிய ஆகஸ்டிலிருந்து ‘திரும்பப் பெறப்பட்டவை’ இருநூற்று முப்பத்தொன்று. முந்தின வருடம் இதே காலத்தில் இருபத்தேழு. யாரும் கவனிக்கவில்லை, அது அரசுக்குப் போகும் அறிக்கையில் ஒரு மூலை எண். ஒவ்வொரு கைபேசியிலிருந்தும், எப்போது தொட்டார்கள், பக்கம் எப்போது அதைக் கேட்டது, எப்போது எது வரையப்பட்டது என்று ஒரு சிறு பதிவு தானாக வந்து சேரும் ஏற்பாடும் இருந்தது. அதையும் லோரெட்டாதான் செய்தாள். ஆனால் கூட்டத்தில் அதிலிருந்து எடுத்துப் பார்த்தது நடுவில் நிற்பவரின் வேகத்தை மட்டும்தான். வரிசையின் கடைசியில் நிற்பவரை யாரும் பார்த்ததில்லை.

அவள் இருநூற்று முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மொத்தமாகக் கணக்குப் போட்டுவிடலாம் என்று மாய் சொன்னாள், கேட்கவில்லை. நூற்று எண்பத்தெட்டுப் பேர் பட்டை வருவதற்கு முன் தொட்டிருந்தார்கள், பட்டை வந்தபின்தான் பக்கம் அதைக் கேட்டிருந்தது. இருபத்து நான்கு பேர் தொட்டவுடனே பக்கம் கேட்டுவிட்டது, பெரும்பாலும் கணினியில் செய்தவர்கள். அவர்கள் உண்மையிலேயே வாபஸ் வாங்கியவர்கள். மீதிப் பத்தொன்பது பேருக்குப் பதிவே இல்லை.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர் ஜெரால்டின் டூஃபோ.

“ஏன் இல்ல?” என்றாள் மாய்.

“பதிவு கடைசியாத்தான் கிளம்பும். பக்கம் எல்லா வேலையும் முடிச்சப்புறம். அந்த போன்ல பக்கம் எந்த வேலையையும் முடிக்கறதே இல்ல. அதுக்குள்ள சிக்னல் போயிடும், இல்லேன்னா அவங்க கோபத்துல மூடிடுவாங்க.” லோரெட்டா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். “ரொம்ப மோசமா இருக்கறவங்கதான் கணக்குலயே வரல.”

கைல் பதினொரு மணிக்கு வந்தான். முப்பத்தெட்டு வயது. கெட்டவன் இல்லை. மாயின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் வாயைத் திறக்காமல் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்தவன். லோரெட்டா காட்டியதைப் பார்த்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தான்.

“சரி. இன்னிக்கே சரி பண்ணிடலாம்ல? பட்டைக்கு முன்னாடியே இடம் ஒதுக்கிட்டா குதிக்காது. ‘நிச்சயமாகவா’வைத் திரும்பக் கொண்டு வந்துடலாம்.”

“மத்தியானத்துக்குள்ள பண்ணிடுவேன். அது நாளைக்கு வர்றவங்களுக்கு. ஏற்கெனவே வந்துட்டுப் போனவங்களுக்கு?”

“அவங்க ஆபீஸ்ல முறையிடலாமே.”

“முறையிட்டாங்க. நீங்களாதான் வாபஸ் வாங்கினீங்கன்னு பதில். நான் மாநில ஆபீஸுக்கு போன் பண்ணினேன், கைல்.”

“நீங்களே பண்ணினீங்களா? என்கிட்ட சொல்லாம?”

“ஆமா. பக்கத்தோட தப்புன்னு, எந்தெந்த விண்ணப்பம்னு, செஞ்சவங்க எழுதி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கொடுத்தா லிஸ்டை நிறுத்தி வைக்கறோம்னு சொன்னாங்க. எழுத்துல இல்லேன்னா முடியாதாம்.”

கைல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். “டிசம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கறாங்க. தெரியுமில்ல? இந்த ஆபீஸ்ல பதினாலு பேரு. ‘ஆமா, எங்க தப்பு’ன்னு லெட்டர் கொடுத்துட்டு அங்க போய் உக்காரணும் நான்.”

“தெரியும்.”

“அந்தப் பெட்டியை யாரு எடுத்தாங்கன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும், லோரெட்டா.”

“வரட்டும். எடுத்தது நான்தானே.”

“மணியை அடிக்கச் சொன்னது நான்,” என்றான் கைல். அவளைப் பார்க்காமல் சொன்னான். பிறகு, “நூத்தி எண்பத்தெட்டு சரி. ஆதாரம் இருக்கு. அந்தப் பத்தொன்பது எதுக்கு? ஒரு பதிவும் இல்லாதவங்களை எப்படி எழுதறது? அதை வெச்சே மொத்த லெட்டரையும் தள்ளிடுவாங்க.”

இது நியாயமான கேள்வி என்று லோரெட்டாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளுக்குச் சோர்வு இன்னும் கூடியது. அநியாயமான கேள்வியாக இருந்தால் கோபப்பட்டாவது சமாளித்திருக்கலாம். பத்தொன்பதை விட்டுவிட்டால் நூற்று எண்பத்தெட்டுப் பேர் கண்டிப்பாகத் தப்பிப்பார்கள். சேர்த்தால் எல்லாரும் சிக்கலாம். விட்டுவிட்டால் ஜெரால்டின் வீட்டு முள் பதினைந்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும்.

“நான் யோசிச்சு எழுதறேன்,” என்றாள்.

வியாழன் முழுவதும் எழுதினாள். நிரல் எழுதுவதைப்போலத்தான் எழுதினாள்: ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்து. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று முதலில் இருந்தது. அதை எடுத்தாள். ‘ஏப்ரல் ஒன்பதாம் தேதி, பக்கத்தின் எடையைக் குறைப்பதற்காக, உறுதி கேட்கும் பெட்டியை நான் நீக்கினேன்’ என்று போட்டாள். ‘ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இது பற்றி வந்த இரண்டு புகார்களைச் சரியாகச் சோதிக்காமல் நான் மூடினேன்’ என்று அடுத்த வரி. பட்டியலை மூன்றாகப் பிரித்தாள். முதல் பட்டியல், ஆதாரத்தோடு நூற்று எண்பத்தெட்டு. இரண்டாவது, தாங்களாகவே திரும்பப் பெற்ற இருபத்து நான்கு. இவற்றைத் தொட வேண்டாம். மூன்றாவதன் தலைப்பில் இப்படி எழுதினாள்: ‘இந்தப் பத்தொன்பது பேருக்கு எங்களிடம் பதிவு இல்லை. பதிவு அனுப்பக்கூட முடியாத அளவுக்கு எங்கள் பக்கம் இவர்களுடைய கைபேசிக்குக் கனமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு கைபேசியில் செவ்வாய்க்கிழமை நானே விண்ணப்பித்துப் பார்த்தேன். சமர்ப்பியைத் தொட்டேன், திரும்பப் பெறப்பட்டது. முதல் பட்டியலை இதற்காக நிறுத்த வேண்டாம். இவர்களை மட்டும் ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.’

மாய் படித்துப் பார்த்தாள். “ஒரு இடத்துல கூட ‘நாங்கள்’னு பழி போடலயே நீ. எல்லாம் ‘நான்’, ‘நான்’.”

“‘நாங்கள்’னு போட்டா எந்த ஆளைக் கூப்பிட்டுக் கேக்கறது?”

“என்னைக் கேக்கட்டும். டெஸ்ட் பண்ணினது நான்னு ஒரு வரி போடு.” லோரெட்டா தயங்குவதைப் பார்த்து, “போடுடீ. பெரிய தியாகி மாதிரி தனியா நிக்காதே, பாக்கச் சகிக்கல,” என்றாள்.

அந்த வரியையும் சேர்த்தார்கள். கைல் வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அதைப் படித்தான். இரண்டு முறை படித்தான். தன் பெயரையும் அடியில் போட்டு, பத்து நாற்பதுக்கு அனுப்பினான். எல்லாருக்குமாக யாரோ வீட்டில் சுட்டுக் கொண்டுவந்திருந்த ஹாட்டிஷ் என்ற கறியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பதார்த்தம் மதியம் வரை மூடியைத் திறக்காமலே ஆறியது.

பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. இரண்டு வரி. முதல் பட்டியல் திறக்கப்படும். மூன்றாம் பட்டியலில் உள்ளவர்களைத் தொலைபேசியில் விசாரித்துப் பிறகு முடிவெடுக்கப்படும். பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. கண்டனம் அடுத்த வாரம் தனியாக வந்தது, ஐந்து பக்கத்தில்.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. எரிபொருள் உதவிப் பக்கத்தை இனி வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசு அலுவலகம் கேட்டுக்கொண்டதாகக் கைல் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் சரியாக இல்லை. லோரெட்டாவை மீன்பிடி உரிமம் வழங்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். பட்டைக்கு இடம் ஒதுக்கி, ‘நிச்சயமாகவா’வைத் திரும்பக் கொண்டு வந்ததில் பழைய பக்கம் எழுபத்தாறுக்கு இறங்கியிருந்தது. சுவர்த்திரை ஆரஞ்சாகவே நின்றது. மணியில் தூசி படிந்தது. யாரும் கழற்றவும் இல்லை.

நவம்பர் நடுவில் ஒரு மதியம் மாய் போனை அவளிடம் நீட்டினாள். “உன் ஆளு. வேற யார்கிட்டயும் பேச மாட்டாங்களாம்.”

“ஏம்மா,” என்றார் ஜெரால்டின், “ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிக் கேட்டாங்க, நடந்ததைச் சொன்னேன். கேஸ் வண்டி வந்துட்டுப் போச்சு இப்பதான். முள் எண்பதுல நிக்குது. கோட்டைக் கழட்டிட்டேன்.”

“நல்லதும்மா.”

“நல்லதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. என் தங்கச்சிக்கு நான்தான் இந்த வாரம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். தெரியாம அந்த மேல் பட்டனைத் தொட்டுட்டேன். இந்தத் தடவ நெஜமாவே என் விரலோட தப்பு. ‘நிச்சயமாகவா’ன்னு கேட்டுது. இல்லன்னேன். விட்டுடுச்சு.”

“ம்.”

“ஆனா எழுத்து இன்னும் டீ குடிச்சிட்டுத்தான் வருது. அதை எப்ப பாக்கப் போறீங்க?”

அது இனிமேல் என் பக்கம் இல்லை என்று சொல்ல லோரெட்டா வாயைத் திறந்தாள். உண்மைதான் அது. ஆனால் வேறு ஒன்றைச் சொன்னாள். “ரெண்டு வாரம் கேட்டிருக்கேம்மா. மறுபடியும் கேக்கறேன்.”

“கேளு. தரலேன்னா நான் போன் பண்றேன். எனக்கு நாலு தடவ பண்ணிப் பழக்கம்.”

போனை வைத்துவிட்டு, கைலுக்கு இரண்டு வாரம் கேட்டு ஒரு வரி எழுதி அனுப்பினாள்; யாருக்குக் கொடுத்தாலும் சரி, கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஜெரால்டினுடையதைப் போலவே கடையில் தொங்கிய சின்னக் கைபேசி ஒன்று அதில் இருந்தது; ஒரு சனிக்கிழமை அவளே வாங்கி வந்தது. மீன்பிடி உரிமப் பக்கத்தை அதில் திறந்தாள். வெள்ளைத்திரை. மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தி, கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். ஏழு, எட்டு, ஒன்பது. தலைப்பு வந்தது. பதினொன்று. ஒரு பொத்தான் வந்தது. அவள் விரலை வைக்கவில்லை. இன்னும் என்னென்ன வந்து எதை எங்கே தள்ளப் போகிறது என்று எண்ணிக்கொண்டே காத்திருந்தாள்.